கனவுக்கு அடுத்த பதிகம்

சோழபுரம், ராஜபாளையம் பக்கத்துப் பெண்களுக்கு ஆண்டாள் பக்கத்து ஊர்க்காரி. ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் பார்க்கப் போகிறோம். மார்கழியில் திருப்பாவை பாடுகிறோம். அவளுடைய இன்னொரு நூலான நாச்சியார் திருமொழியை முழுதாகப் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

திருப்பாவையின் 30 பாடல்களில் அவள் தனியாக இல்லை. தோழியரை எழுப்பிக் கூட்டிப் போகிறாள். நாச்சியார் திருமொழியின் 143 பாடல்களில் அந்தக் கூட்டம் கலைந்துபோகிறது. தொடக்கத்தில் மணல் வீடு கட்டவும் நீராடவும் உடன் பெண்கள் இருக்கிறார்கள். பிறகு அவள் குயிலிடமும் மேகத்திடமும் பேசுகிறாள். வட்டம் வரைந்து, முனைகள் கூடினால் அவன் வருவான் என்று கூடல் இழைத்துக் குறி பார்க்கிறாள். தூக்கம் போகிறது, வளை கழல்கிறது. ஊரே அறிந்த பிறகு நாணி என்ன பயன் என்று கேட்கிறாள். தன் முலையைப் பறித்து, வராதவன் மார்பில் வீசுவேன் என்று சீறுகிறாள். துணை வேண்டும் என்ற ஆசை தன்னை எப்படிக் குலைக்கிறது என்பதை அவள் மறைக்கவே இல்லை.

நாம் எதை நினைவில் வைத்தோம்? கல்யாணக் கனவைச் சொல்லும் 'வாரணம் ஆயிரம்' இன்றும் வைணவத் திருமணங்களில் ஒலிக்கிறது. அடுத்த பதிகத்திலேயே அவள் மறுபடி தனியாகச் சங்கிடம் பேசிக்கொண்டிருப்பது மண்டபத்தில் யார் காதிலும் விழுவதில்லை. திருவரங்கத்தில் அரங்கனோடு கலந்தாள் என்ற முடிவைப் பிற்காலக் குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. அவள் பாடல்களில் அப்படி ஒரு முடிவு இல்லை. கடைசிப் பதிகம் அவனைக் கண்டீர்களா என்று கேட்கிறது. பிருந்தாவனத்தில் கண்டோம் என்று பதில் வருகிறது.

பெண்ணின் ஏக்கத்தைச் சமூகம் இரண்டு வழிகளில்தான் ஏற்றது. காரைக்கால் அம்மையார் உடலை உதிர்த்துப் பேயுருவானதாகப் பெரியபுராணம் சொல்கிறது. உடலை விடாத கோதைக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். காத்திருந்தவளாகவே அவளை விட்டுவைக்க மனம் வரவில்லை.

ஆடிப்பூரத் தேர்க்கூட்டத்தில் கணவனை இழந்தவள் இருப்பாள், மணமாகாதவள் இருப்பாள், கணவன் வெளிநாட்டில் இருப்பவளும் இருப்பாள். “தனியா இருக்க முடியலைக்கா” என்று அவர்களில் ஒருத்தி சொன்னால், யார் காதிலாவது விழப்போகிறது என்று வாயைப் பொத்துகிறோம். அதே ஊரில் சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் ஒருத்தி, கோதை என்று தன் பெயரையும் ஊரின் பெயரையும் போட்டு, அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.