இறைவாக்கினர் ஆமோஸும் அவர் வாழ்ந்த காலமும்

ஆமோஸ் கி.மு. 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாழ்ந்த எபிரேய இறைவாக்கினர் ஆவார். விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் அவர் பெயரால் ஒன்பது அதிகாரங்கள் கொண்ட ஒரு நூல் உள்ளது. தம் பெயரில் தனி நூல் உடைய இறைவாக்கினர்களுள் காலத்தால் முந்தியவர் அவரே என்பது அறிஞர் பலரின் கருத்து. பஞ்சத்திலோ போரிலோ துவண்டு கிடந்த மக்களிடம் அவர் பேசவில்லை. நாடு செழிப்பாக இருக்கிறது, கடவுள் நம் பக்கம் இருக்கிறார் என்று எல்லாரும் நம்பியிருந்த வேளையில் பேசினார். அவரை வாசிக்கும் மாணவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான்.

காலப் பின்னணி

சாலமோன் மன்னரின் மறைவுக்குப் பின், ஏறத்தாழ கி.மு. 930இல், எபிரேயரின் அரசு இரண்டாகப் பிரிந்தது. வடக்கே இஸ்ரயேல், தெற்கே யூதா. வடநாட்டு மக்கள் எருசலேம் கோவிலுக்குப் போவதைத் தடுக்க எண்ணிய முதலாம் எரொபவாம், பெத்தேலிலும் தாணிலும் பொன் கன்றுக்குட்டிகளை நிறுவி வழிபாட்டிடங்கள் அமைத்தார். எல்லையை ஒட்டிய பெத்தேல் இவ்வாறு அரசருக்குரிய கோவிலாக ஆயிற்று.

ஆமோசின் நாளில் வடக்கே இரண்டாம் எரொபவாமும் (ஏறத்தாழ கி.மு. 786 – 746) தெற்கே உசியாவும் ஆண்டனர். இஸ்ரயேலை நெடுங்காலம் வாட்டிய தமஸ்கு அரசை அசீரியா முன்பே அடித்து ஒடுக்கியிருந்தது. அந்த அசீரியாவும் பிறகு உள்நாட்டுக் குழப்பத்தால் சில பத்தாண்டுகள் தளர்ந்து கிடந்தது. இந்த இடைவெளியில் எரொபவாம் எல்லைகளை விரித்தார், வணிகம் பெருகியது.

அந்தச் செழிப்பு கற்பனையன்று. தலைநகர் சமாரியாவில் 1910இல் நடந்த அகழாய்வில், மையால் எழுதப்பட்ட பானையோடுகள் நூற்றுக்கு மேல் கிடைத்தன. எந்த ஊரிலிருந்து, யார் பெயரில், எத்தனை சாடி பழைய திராட்சை மதுவும் உயர்தர ஒலிவ எண்ணெயும் வந்தன என்ற கணக்குகள் அவை. அவற்றை எரொபவாமின் காலத்தை ஒட்டியவை என்றே பெரும்பாலும் கொள்கிறார்கள். அதே இடத்தில் மரச்சாமான்களில் பதித்த தந்தச் சிற்பத் துண்டுகளும் ஏராளமாக வெளிப்பட்டன. தந்தக் கட்டிலில் சாய்ந்து, இளம் ஆட்டுக்கறி உண்டு, கிண்ணம் கிண்ணமாக மது அருந்துகிறவர்களை ஆமோஸ் சாடும்போது, அவர் கண்ணால் கண்டதையே சொன்னார் என்பதற்கு இவை சான்று.

ஆமோஸ் யார்?

அவர் வடநாட்டவர் அல்லர். எருசலேமுக்குத் தெற்கே ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில், யூதேயப் பாலைநிலத்தின் விளிம்பில் உள்ள தெக்கோவா அவர் ஊர். ஆடு வளர்ப்பவர்; காட்டத்தி மரங்களையும் பேணியவர். காட்டத்திக் காயைக் கீறிவிட்டால்தான் அது விரைவில் பழுத்து உண்ணத்தக்கதாகும். எளியவர்களின் உணவு அது. ஆனால் உயரமும் குளிருமான தெக்கோவாவில் அம்மரம் வளராது. தாழ்நிலத்துக்கு இறங்கிப் போயிருக்க வேண்டும். இன்னொன்று, அவரைக் குறிக்கும் 'நோகேத்' என்ற எபிரேயச் சொல், பெரும் மந்தைகளுக்கு உடைமையாளனான மோவாபு அரசன் மேசாவுக்கும் வழங்கப்பட்டுள்ளது. ஆகவே அவரை ஒன்றுமறியாத ஏழை இடையராகக் காட்டும் வழக்கம் சற்று மிகைதான். சந்தையும் தராசும் அவருக்கு நன்கு தெரிந்தவை.

செய்தி

நூலின் தொடக்கமே கேட்போரைச் சிக்க வைக்கிறது. தமஸ்கு, காசா, தீர், ஏதோம், அம்மோன், மோவாபு என்று அண்டை நாடுகளின் கொடுமைகளை ஒவ்வொன்றாக அவர் கண்டிக்கிறார். பகைவர்மேல் விழும் தீர்ப்பைக் கேட்டு இஸ்ரயேலர் மகிழ்ந்திருப்பார்கள். அடுத்து யூதா. அதன்பின் இஸ்ரயேல்! மற்றவர்களைவிட நீண்ட குற்றப்பட்டியல் அவர்களுக்குத்தான்.

அந்தக் குற்றங்கள் அன்றாட வாழ்வைச் சேர்ந்தவை. ஒரு சோடி செருப்பின் விலைக்காக ஏழையை விற்றல். ஊர் வாயிலில் கூடும் வழக்குமன்றத்தில் கையூட்டு வாங்கி எளியவரின் வழக்கைத் தள்ளுதல். வணிகர் மாதப்பிறப்பும் ஓய்வுநாளும் எப்போது முடியும், கடையைத் திறக்கலாம் என்று காத்திருந்தனர். தானியம் அளக்கச் சிறிய மரக்கால், வாங்குபவர் தரும் வெள்ளியை நிறுக்கக் கனத்த எடைக்கல். நாணயம் வழக்கத்துக்கு வராத காலம் அது. வெள்ளியை எடை போட்டே கொடுப்பார்கள். எனவே இரண்டு பக்கமும் ஏழைக்கே இழப்பு.

அடகாக வாங்கிய ஆடையை விரித்துப் பலிபீடத்தருகே படுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் உண்டு. ஏழையின் மேலாடை இரவில் அவனுக்குப் போர்வை. பொழுது சாயுமுன் திருப்பித் தரவேண்டும் என்பது சட்டம். இது வெறும் ஏட்டுச் சட்டமன்று. யாவ்னே அருகே கடற்கரைக் கோட்டை ஒன்றில் 1960இல் கிடைத்த, கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பானையோட்டில், அறுவடைக் கூலியாள் ஒருவர் அதிகாரியிடம் முறையிடுகிறார்: வேலையை முடித்தும் மேலாளர் தம் ஆடையைப் பறித்துக்கொண்டார், மீட்டுத் தரவேண்டும். ஆமோசுக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிந்திய இந்த யூதா நாட்டு மனு, ஓர் ஆடை ஏழைக்கு எவ்வளவு பெரிது என்பதைக் காட்டுகிறது.

விழாக்களையும் பலிகளையும் பாடல்களையும் கடவுள் வெறுக்கிறார் என்று அவர் சொன்னது இந்தப் பின்னணியில்தான். வழிபாடே கூடாது என்பது அவர் வாதம் என்று சிலர் கொள்வர்; அது பொருந்தாது. வாயிலில் நீதி இல்லாதபோது கோவிலில் காணிக்கைக்கு மதிப்பில்லை என்பதே அவர் சொன்னது. கடவுள் தேர்ந்துகொண்ட மக்கள் என்ற பெருமையையும் அவர் விட்டுவைக்கவில்லை. தேர்ந்துகொள்ளப்பட்டதாலேயே அவர்கள் கூடுதலாகக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்றார்.

பெத்தேல் மோதல்

பெத்தேலின் குரு அமட்சியா இதைப் பொறுக்கவில்லை. ஆமோஸ் அரசருக்கு எதிராகச் சதி செய்கிறார் என்று எரொபவாமுக்குச் சொல்லியனுப்பினார். பின் ஆமோசிடம், யூதாவுக்கு ஓடிப்போய் அங்கே பிழைத்துக்கொள்ளும், இது அரசரின் திருத்தலம் என்றார். அமட்சியாவின் பார்வையில் இறைவாக்கு ஒரு பிழைப்பு, கோவில் அரசருடையது. ஆமோசின் மறுமொழி சுருக்கமானது: தாம் தொழில்முறை இறைவாக்கினரும் அல்லர், அத்தகையோர் குழுவைச் சேர்ந்தவரும் அல்லர், மந்தையின் பின்னால் போனவரைக் கடவுள் அழைத்தார்.

பின் நிகழ்ந்தவை

நிலநடுக்கத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் பேசினார் என்று நூலின் முதல் வரி குறிக்கிறது. வடக்கே ஆத்சோர் நகர அகழாய்வில் கண்ட இடிபாடுகளை, கி.மு. 760ஐ ஒட்டி நேர்ந்த அந்த நிலநடுக்கத்தோடு ஆய்வாளர்கள் இணைக்கிறார்கள்.

எரொபவாமுக்குப் பின் அவர் மகன் ஆறே மாதத்தில் கொல்லப்பட்டார். கொன்றவரின் ஆட்சி ஒரு மாதம். கி.மு. 745இல் மூன்றாம் திக்லத்-பிலேசர் அரியணை ஏற, அசீரியா மீண்டும் மேற்கே திரும்பியது. கி.மு. 722ஐ ஒட்டிச் சமாரியா வீழ்ந்தது. 27,290 பேரைச் சிறைபிடித்துச் சென்றதாக இரண்டாம் சர்கோன் தம் கல்வெட்டில் கூறுகிறார்.

நூலின் தலைப்பு வரியில், வடநாட்டில் பேசியவருக்கு, யூதாவின் உசியா பெயரே முதலில் வருகிறது. எரொபவாம் அதற்குப் பின். பெத்தேலில் விரட்டப்பட்ட சொற்கள் தெற்கேதான் எழுதிப் பாதுகாக்கப்பட்டன என்பதற்கு இதை ஓர் அடையாளமாகக் கொள்கிறார்கள்.