பாரிஸும் நியூயோர்க்கும் கண்ட குப்பை விதிகள்

வீட்டுக் குப்பையைத் தரம்பிரித்து வைக்குமாறு நகரசபைகள் விதிப்பது இக்காலத்துப் புதுமையென நேயர்கள் எண்ணக்கூடும். பாரிஸ் நகரில் 1883ஆம் ஆண்டு நவம்பரிலேயே அத்தகைய கட்டளையொன்று பிறந்துவிட்டது. சீன் பகுதியின் நிருவாகத் தலைவராயிருந்த யூஜீன் பூபெல் என்பார், வீட்டுச் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் குடியிருப்போருக்கு மூடியுள்ள தொட்டிகளை அளித்தல் வேண்டுமென ஆணையிட்டார். அழுகுவன ஒன்றில், கடதாசியும் கந்தலும் மற்றொன்றில், கண்ணாடி, உடைந்த பீங்கான், சிப்பி ஆகியன மூன்றாவதில்.

செலவு தம் தலையில் விழுந்ததென வீட்டுச் சொந்தக்காரர் சினந்தனர். ஆயினும், உண்மையில் வயிற்றிலடிபட்டோர் கந்தல் பொறுக்குவோரே. வீதிக் குவியல்களைக் கிளறி, கந்தலையும் எலும்பையும் ஆலைகளுக்கு விற்றுப் பிழைத்த பல்லாயிரவர் அவர்கள். கழிவை மீளப் பயன்படுத்தும் தொழிலைச் சட்டத்திற்கு முன்பே நடத்தி வந்தவர்களைச் சட்டம் கணக்கிலெடுக்கவில்லை! எதிர்ப்பு வலுக்கவே, தொட்டிகளில் தேடிப் பொறுக்க அவர்களுக்கு இடமளிக்க நேர்ந்தது. பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்கு இன்றும் பூபெலின் பெயரே வழங்குகின்றது. நன்றியோ வசையோ, யாரறிவார்!

நியூயோர்க்கில் 1895இல் வீதித் துப்புரவுப் பொறுப்பேற்ற கேணல் ஜோர்ஜ் வாரிங், இலாபத்தையும் எண்ணிப் பார்த்தார். சாம்பல், உணவுக் கழிவு, உலர்ந்த குப்பை என வீட்டார் மூவகையாகப் பிரித்து வைத்தனர். உணவுக் கழிவு பரன் தீவு ஆலையில் ஆவியில் வெந்து கொழுப்பும் உரமும் ஆயிற்று. உலர்ந்தவற்றில் விலைபோவன விற்கப்பட்டன. பாரிஸில் பொறுக்குவோர் கைக்குச் சென்ற காசு இங்கே நகரத்தின் கணக்கில் ஏறியது எனலாம். 1897ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆட்சி மாறவே, வாரிங் பதவி நீங்கினார்.

லொஸ் ஏஞ்சலீஸிலோ, 1961இல் சாம் யோர்ட்டி என்பார், குப்பை பிரிக்கும் தொல்லையிலிருந்து இல்லத்தரசியரை விடுவிப்பதாக வாக்குறுதி கூறி மேயர் தேர்தலில் வென்றார்.