14 நிமிடம் கழுவிய ஃபிலிம்

கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக்கொள்கிறேன், மக்களே. போன வாரம் மகள் ஒரு கச்சேரியைக் கைபேசியில் எடுத்துவிட்டு, "ஒரே இருட்டுப்பா, ஆனா எவ்ளோ தெளிவா வந்திருக்கு பாரு" என்றாள். அந்தத் தெளிவுக்காக ஃபிலிம் காலத்தில் பட்ட பாட்டை அவளுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

மேடையில் ஃபிளாஷ் அடித்தால் பாடுகிறவர் முறைப்பார். அடிக்காவிட்டால் வெளிச்சம் போதாது. 1954-ல் கொடாக் நிறுவனம் டிரை-எக்ஸ் ஃபிலிமை 35 எம்.எம். ரோலாகக் கொண்டுவந்த பிறகுதான் படக்காரர்களுக்கு மூச்சு வந்தது. அப்போது அதன் வேகம் 200. 1960-ல் ஏ.எஸ்.ஏ. வேகத்தைக் கணக்கிடும் முறையை மாற்றினார்கள்; அதே ஃபிலிம் 400 ஆகிவிட்டது. சரக்கு அதேதான், மறுமதிப்பீடு மட்டும்! பி.காம். படித்தவர்களுக்கு உடனே புரியும்.

400-ம் போதாத இடத்தில்தான் 'புஷ்' பண்ணுவது. 400 ஃபிலிமைப் போட்டு, மீட்டரில் 1600 என்று வைத்துக்கொள்வது. 1/30 நொடி கேட்கும் வெளிச்சத்தில் 1/125 கிடைக்கும். கை அசைவு கலங்காது. ஆனால் ஃபிலிமில் விழுவது கால் பங்கு வெளிச்சம். அந்தக் குறையைக் கழுவும் நேரத்தைக் கூட்டிச் சரிக்கட்ட வேண்டும். இல்ஃபோர்ட் எச்.பி.5 பிளஸ் என்றால் ஐ.டி.-11 கரைசலில், 20 டிகிரியில், ஏழரை நிமிடத்துக்குப் பதில் 14 நிமிடம்.

கம்பெனிகளும் இதைப் புரிந்துகொண்டன. 1988-ல் கொடாக் விட்ட டி-மாக்ஸ் பி3200-ல் அந்த 'பி' என்பதே புஷ்தான். அதன் உண்மை வேகம் ஏறக்குறைய 800 முதல் 1000 வரைதான். 1998-ல் இல்ஃபோர்டின் டெல்டா 3200 வந்தது.

நான் கற்றுக்கொண்டது 2004-ல், கல்கத்தாவில். லேக் மார்க்கெட் பக்கம் ஒரு ராமநவமிக் கச்சேரி. ஊரிலிருந்து வந்திருந்த அப்பா மிருதங்கம் வாசித்தார். ஒரு ரோல் எச்.பி.5 பிளஸ், 1600-ல் எடுத்தேன். குவார்ட்டர்ஸ் குளியலறைதான் இருட்டறை. சித்திரை வெயிலில் குழாய்த் தண்ணீரே கொதித்தது; ஐஸ் கட்டி போட்ட பக்கெட்டில் கரைசல் பாட்டிலை வைத்து 20 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். சரியாக 14 நிமிடம்.

விரல்கள் அற்புதமாக வந்தன. வெள்ளை ஜிப்பா பளீரென்று இருந்தது. முகம் மட்டும் இல்லை. தலைக்கு மேலிருந்த பல்பு நெற்றியோடு நின்றுவிட்டது. என் மீட்டரோ ஜிப்பாவின் வெள்ளையைப் பார்த்து ஏமாந்திருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் கழுவியிருந்தால் முகம் வந்திருக்குமா என்று பல நாள் யோசித்தேன். வராது. வெளிச்சம் விழுந்த இடத்தைத்தான் கரைசல் வளர்க்கும். விழாத இடத்தில் அதற்கு வேலையே இல்லை. வவுச்சரே இல்லாமல் லெட்ஜரில் எதை ஏற்றுவது?

"அடுத்த வருஷம் எடுத்துக்கலாம்டா" என்றார் அப்பா. அதன் பிறகு அவர் மேடை ஏறவில்லை. 2011-ல் போய்விட்டார்.

பி3200-ஐ 2012-ல் நிறுத்திய கொடாக் 2018-ல் திரும்பக் கொண்டுவந்தது. ஒரு ரோல் வாங்கி வைத்திருக்கிறேன். மகளின் அரங்கேற்றத்துக்கு. இந்த முறை மீட்டரை முகத்தில்தான் பிடிப்பேன்.