‘கெரெ’ என்னும் சொல்லும் பெங்களூரின் ஏரிச் சங்கிலியும்

கன்னடத்தில் ஏரியைக் குறிக்கும் ‘கெரெ’ என்பதற்கு இனமான தமிழ்ச்சொல் ‘சிறை’. கன்னடக் ‘கிவி’ தமிழில் ‘செவி’ ஆனதுபோன்றே இங்கும் ககரம் சகரமாயிற்று. தெலுங்கில் அது ‘செருவு’. சிறை என்பதற்கு அணை, கரை என்னும் பொருள்களும் உண்டு. ஏரி தானாய்த் தேங்கிய நீரன்று, மனிதர் தடுத்து நிறுத்திய நீர் என்பதைச் சொல்லே உணர்த்துகிறது.

பெங்களூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயர மேட்டுநிலம். பேராறு எதுவும் அதனூடே ஓடவில்லை. எனவே பள்ளத்தாக்குகளில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏரிகள் அமைந்தன. மேலேரியின் மிகைநீர் ‘ராஜகாலுவெ’ வழியே இறங்கிக் கீழேரியை நிரப்பும். வயலுக்கு முறைவைத்து நீர்விட்டவர் ‘நீருகண்டி’. நம் ஊர்களின் நீர்பாய்ச்சிக்கு நிகரானவர். அகரத்தில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுக் கன்னடக் கல்வெட்டு, ஏரிகளுக்கு மதகு அமைத்ததையும் புதிய ஏரி எடுத்ததையும் பதிவு செய்கிறது.

1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்நீர் வந்தது. 1974இல் காவிரி வந்தது. நீர் தொலைவிலிருந்து வரத் தொடங்கியபின் உள்ளூர் ஏரி வெற்றுநிலமாகவே மதிக்கப்பட்டது. தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமாயிற்று. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாயிற்று. சம்பங்கி நீரை நம்பித் தோட்டப்பயிர் செய்த திகளர் வாழ்வாதாரம் இழந்தனர். எஞ்சிய சிறு குளத்தில்தான் அவர்களின் கரகத் திருவிழாச் சடங்கு இன்றும் நடைபெறுகிறது.

ஏரிகள் மறைந்தாலும் சரிவு மறையவில்லை. நகரம் பயன்படுத்திய நீர் அதே கால்வாய்களில் கழிவாக இறங்குகிறது. அகரத்துக்குக் கீழுள்ள பெல்லந்தூர் ஏரி 2015இலும் 2017இலும் தீப்பற்றியது. அங்கிருந்து வர்த்தூர் ஏரி, பின்னர் தென்பெண்ணை. முடிவில் ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குகிறது. அந்நீரில் பயிரிடும் உழவருக்குப் பெங்களூரின் ஏரி நிர்வாகத்தில் எந்தக் குரலும் இல்லை. 2024 கோடையிலோ, அரசுக் கணக்குப்படி, நகரின் 13,900 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் ஏறத்தாழ 6,900 வற்றின. காவிரிக் குழாய் எட்டாத புறநகர்களே கடுமையாய்த் தவித்தன.

இன்றைய மீட்புப்பணி பெரும்பாலும் தனித்தனி ஏரியைத் தூர்வாரி, வேலியிட்டு, நடைபாதை அமைப்பதோடு நின்றுவிடுகிறது. நீர் வரும் கால்வாயும் நீர் போகும் கோடியும் அடைபட்டிருக்க, இடையிலுள்ள ஏரியை மட்டும் காத்தல் இயலாது. வரலாறும் மொழியியலும் பயிலும் மாணவர்கள் இங்கே உதவ முடியும். பழைய நில அளவைப் படங்களையும் கல்வெட்டுகளையும் ஊர்ப்பெயர்களையும் ஒப்பிட்டு, அறுந்த கால்வாய்கள் ஓடிய இடங்களை அடையாளம் காண்பது நம் துறைக்குரிய பணியே.