யார் கையால் திருவிருந்து? தஞ்சைச் சபையில் தூய்மையும் தன்னைத் தருதலும்

1741இல் தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் தன் இரண்டாவது தமிழ்க் குருவைத் தேர்ந்தெடுத்தது. முதல் தமிழ்க் குருவான ஆரோனுக்கு 1733 டிசம்பரிலேயே பட்டம் கொடுத்தாயிற்று, அவர் வேளாளர். அடுத்த இடத்துக்கு எண்ணப்பட்டவர்களில் ஒருவர் ராஜநாயக்கன். தஞ்சை மராட்டிய மன்னரின் படையில் சேவகம் பார்த்தவர், கத்தோலிக்கராகப் பிறந்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டைப் படித்து லுத்தரன் சபைக்கு வந்து, படைவேலையை விட்டு உபதேசியாரானார். மிஷனரிகள் எளிதில் நுழைய முடியாத தஞ்சை நாட்டில் ஊர் ஊராக நடந்து சபையை வளர்த்தவர் அவர்தான். ஆனாலும் பட்டம் தியோகு என்பவருக்குப் போயிற்று. ராஜநாயக்கன் பறையர். அவர் கையிலிருந்து திருவிருந்தின் அப்பத்தையும் ரசத்தையும் வேளாளர் வாங்கமாட்டார்கள் என்று மிஷனரிகள் கருதினார்கள். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உபதேசியாராகவே உழைத்து 1771இல் அவர் இறந்தார்.

கிறித்தவ வழிபாடு என்றால் என்ன என்று இறையியலாளர் கேட்கும் கேள்வியை இந்தத் தேர்வோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் பவுல், விசுவாசி தன் உடலையே உயிருள்ள, பரிசுத்தமான பலியாகப் படைப்பதுதான் ஆராதனை என்கிறார். எருசலேம் ஆலயத்துப் பலிபீடத்தை மனித உடலுக்கும் அன்றாட வாழ்வுக்கும் மாற்றிவைத்த வரி அது. அங்கே தூய்மையும் தன்னைத் தருதலும் ஒரே செயலின் இரண்டு பக்கங்கள். காவிரிப் படுகையின் சபையில் அவை பிரிந்து நின்றன. தன்னைத் தருதலுக்கு இடம் இருந்தது, மதிப்பும் இருந்தது. தூய்மை மட்டும் பழைய பொருளிலேயே, யாரை எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது என்ற கணக்காகவே நீடித்தது. இந்தப் பிளவுதான் தஞ்சைக் கிறித்தவத்தின் மையச் சிக்கல் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தரங்கம்பாடிக்கு 1706இல் வந்திறங்கிய சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தின் பிள்ளைகள். சரியான கோட்பாட்டை ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது, மனம் திரும்பி வாழ்க்கை முழுவதையும் கடவுளுக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது அந்த இயக்கத்தின் அடிநாதம். ஹாலேயில் பிராங்கே நடத்திய அனாதை இல்லமும் பள்ளிகளும் அச்சகமும் அதே நம்பிக்கையில் எழுந்தவை. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைவிட வாரத்தின் மற்ற ஆறு நாட்கள் எப்படிக் கழிகின்றன என்பதே அவர்களுக்கு முக்கியம்.

அந்த ஆறு நாட்களும் எப்படி இருக்க முடியும் என்பதற்கு காவிரி டெல்டா கண்ட சிறந்த சான்று கிறிஸ்தியன் பிரெடரிக் சுவார்ட்ஸ். 1726இல் பிரஷ்ய நாட்டில் பிறந்தவர். 1750இல் தமிழகம் வந்து, தரங்கம்பாடியிலும் பின்பு திருச்சியிலும் இருந்து, 1778இல் தஞ்சாவூரில் நிலைத்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை, சொந்த நாட்டுக்குத் திரும்பவும் இல்லை. 1779இல் சென்னை அரசு அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஹைதர் அலியிடம் சமாதானத் தூதராக அனுப்பியது. வழிச்செலவுக்கென்று ஹைதர் கொடுத்த 300 ரூபாயை அவர் சென்னை அதிகாரிகளிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். அவர்கள் வாங்க மறுக்க, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதை வைத்துக்கொள்ள அனுமதி கேட்டார்.

இந்தத் துறவை மட்டும் எடுத்துக்கொண்டு அவரைப் புனிதராக்குவது எளிது. சுவார்ட்ஸ் பற்றிய நூல்கள் பலவும் அதைத்தான் செய்திருக்கின்றன. கூர்ந்து பார்க்க வேண்டியது நெல் விஷயம். அடுத்த ஆண்டே ஹைதரின் படை கர்நாட்டிக் எனப்பட்ட தமிழ்ப் பகுதிக்குள் இறங்கியது. தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் வந்தது. ஊர்ப்புறத்தில் நெல் இல்லாமல் இல்லை, ஆனால் குடியானவர்கள் கொண்டுவர மறுத்தார்கள். முன்பு கொண்டுவந்த நெல்லுக்கும் ஓட்டிவந்த மாடுகளுக்கும் யாரும் காசு கொடுக்கவில்லை. மன்னரின் ஆணையையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையெழுத்தையும் நம்புவார் இல்லை. சுவார்ட்ஸ் தானே பணம் தருவதாக வாக்குக் கொடுத்துக் கடிதம் அனுப்பினார். சில நாட்களில் ஆயிரத்தை ஒட்டிய மாடுகள் வந்தன, 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. ஒவ்வொருவருக்கும் அவர் பணத்தை எண்ணிக் கொடுத்து அனுப்பினார்.

பிறகு வேறொரு நெருக்கடி. வரிக்கொடுமை தாங்காமல் குடியானவர்கள் நிலத்தைப் போட்டுவிட்டு ஊரைக் காலி செய்தார்கள். திரும்பி வந்தால் நியாயம் கிடைக்கும் என்று அரண்மனை சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுவார்ட்ஸ் சொன்னபோது ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பினார்கள் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். ஆடிப்பட்டம் தப்பி செப்டம்பர் ஆகிவிட்டிருந்தது. உங்கள் முகத்துக்காக இரவு பகலாக உழைக்கிறோம் என்று சொல்லி அவர்கள் வயலில் இறங்கினார்கள்.

இதை வழிபாடு என்று சொல்லலாமா? ஹாலேயின் அளவுகோலில் தாராளமாகச் சொல்லலாம். கோட்டையில் பெரும்பாலோர் கிறித்தவர் அல்லர், நெல் கொண்டுவந்தவர்களும் அல்லர். கூலியைக் குறைக்காமல் கொடுப்பது, சொன்ன சொல்லைக் காப்பது, கைக்கு வந்த பணத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாதது, இவற்றில் வெளிப்படும் தூய்மை யாரையும் தள்ளி நிறுத்தத் தேவையில்லாத தூய்மை. நெல்லளக்கும் மரக்கால்தான் அதற்குப் பலிபீடம். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி மதம் மாறாமலேயே, 1798 பிப்ரவரியில் இறந்த தன் ஆசானுக்காக லண்டன் சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மனிடம் பளிங்குச் சிற்பம் செய்வித்து வைத்ததன் பொருளும் இதுதான். சிவகங்கைக் குளத்தருகே 1779இல் கட்டப்பட்ட சுவார்ட்ஸ் ஆலயத்தில் அது இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் பாதிரியாரின் கையைச் சரபோஜி பிடித்திருப்பதாக அமைந்த சிற்பம்.

ஒரு மறுப்பையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். சுவார்ட்ஸின் நேர்மை கம்பெனிக்கு மிகவும் பயன்பட்ட நேர்மை. அவர் சமாதானம் பேசப் போனார். அனுப்பியவர்களுக்குச் சமாதானத்தில் எவ்வளவு அக்கறை இருந்தது என்பது சந்தேகமே. தன்னலமற்ற ஒருவரின் நற்பெயரை அரசுகள் செலவழிப்பது புதிதல்ல.

அவருடைய கண்டிப்பும் சிக்கலானது. தஞ்சையைச் சேர்ந்த மராட்டியப் பிராமண விதவை ஒருவர் ஆங்கில அதிகாரி ஒருவருடன் மணமின்றி வாழ்ந்தார். ஞானஸ்நானம் கேட்டபோது சுவார்ட்ஸ் மறுத்தார். அதிகாரி இறந்த பிறகு 1778இல் பாளையங்கோட்டையில் அவருக்கே ஞானஸ்நானம் கொடுத்துக் குளோரிந்தா என்று பெயரிட்டார். அந்த அம்மையார் முன்நின்று கட்டிய ஆலயம் 1785இல் பிரதிஷ்டையாயிற்று. மக்கள் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றார்கள். திருமண ஒழுக்கத்தில் இப்படி ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்காத சுவார்ட்ஸ், ஆலயத்துக்குள் வேளாளரும் பறையரும் தனித்தனியே உட்காருவதை மாற்றாமல் விட்டுவிட்டார். நாளடைவில் தானே கரைந்துவிடும் என்ற எண்ணம் அந்தத் தலைமுறை மிஷனரிகளுக்கு இருந்தது. கரையவில்லை.

இந்த மரபின் முழு அழகையும் முழு முரணையும் ஒரே ஆளிடம் காண வேண்டுமானால் வேதநாயகம் சாஸ்திரியாரிடம் வர வேண்டும். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்த அவரைச் சுவார்ட்ஸ் சிறுவயதிலேயே தஞ்சைக்கு அழைத்துவந்து வளர்த்தார். சரபோஜியோடு பழகி, பின்னாளில் அவருடைய அவையின் ஆதரவையும் பெற்றவர். பெத்லகேம் குறவஞ்சி, ஞானத்தச்ச நாடகம், ஞானநொண்டி நாடகம், ஜெபமாலை என்று எழுதிக் குவித்தார். பெத்லகேம் குறவஞ்சியில் தலைவி கிறிஸ்துவின் மேல் காதல் கொள்கிறாள், குறி சொல்லும் சிங்கி விசுவாசமாக வருகிறாள். இடையே கோள்கள் சூரியனைச் சுற்றும் புதிய வானசாஸ்திரமும் நுழைந்துவிடுகிறது. தமிழ், இசை, கல்வி, தெருக்கூத்தின் சிரிப்பு என்று கையிலிருந்த எதையும் மிச்சம் வைக்காமல் படைத்தவர் அவர். முழுமனத்தோடு தன்னைத் தருதலுக்குத் தமிழ்க் கலையில் இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை.

1820களில் புதிய மிஷனரிகள் வந்தார்கள். அவர்களுக்கு எதிராகச் சாஸ்திரியார் நான்கு குற்றச்சாட்டுகளை அடுக்கினார்: தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், சாதிகளைக் கட்டாயப்படுத்திக் கலக்கிறார்கள், கல்யாணத்திலும் சாவிலும் பூமாலைகளைத் தடுக்கிறார்கள், தமிழ்ப் பாட்டை ஆலயத்தில் நிறுத்துகிறார்கள். 1829இல் அவர் எழுதிய நூலொன்றின் தலைப்பே “சாதி திருத்தலின் பயித்தியம்”. சாதி என்பது உலக நடப்பு, உடுப்பதும் உண்பதும் போன்ற வழக்கம், விசுவாசத்தோடு அதற்குத் தொடர்பில்லை என்பது அவர் தரப்பு. சுவார்ட்ஸ் காலத்துப் பெரியவர்கள் அனுமதித்ததை நேற்று வந்தவர்கள் எப்படிப் பாவம் எனலாம் என்பது அவர் கேள்வி.

நான்கில் மூன்றில் நியாயம் அவர் பக்கம். ஒரு மாலையைப் பிடுங்கி எறிவதாலோ கீர்த்தனையை நிறுத்தி ஜெர்மன் மெட்டைத் திணிப்பதாலோ யாரும் பரிசுத்தமாகிவிடுவதில்லை. ஆனால் பூவும் பாட்டும் கொடுப்பவை. சாதி இருக்கை பிடித்துவைப்பது. ஒருவர் பாயில், இன்னொருவர் வெறுந்தரையில் உட்கார்வதையும், பாத்திரம் முதலில் யாரிடம் போவது என்பதையும் உலக வழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. அது நடப்பது திருவிருந்தின் நடுவில். ராஜநாயக்கனுக்குப் பட்டம் மறுக்கப்பட்டதும் உடையாலோ உணவாலோ அல்ல, அதே பாத்திரத்தின் பொருட்டு. சாஸ்திரியார் நான்கையும் ஒரே கட்டாகக் கட்டியது அவருடைய வாதத்தின் பெரிய பலவீனம், அதற்குப் பின் அவரைப் படித்தவர்களின் பலவீனமும்கூட. இசைக்காக அவரைக் கொண்டாடுவோர் சாதி நூலைப் பேசுவதில்லை. சாதிக்காக அவரைத் தள்ளுவோர் குறவஞ்சியைத் திறப்பதில்லை.

எதிர்த்தரப்பும் மெச்சும்படி நடந்துகொள்ளவில்லை. 1826 ஈஸ்டரில் தஞ்சையில் பிரசங்கித்த கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் ஹீபர் சாதி விஷயத்தில் விசாரித்து மெல்லப் போகலாம் என்றிருந்தார். சில நாட்களில் திருச்சியில் நீராடும்போது இறந்துபோனார். பின்பு வந்த பிஷப் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விட்டார்: சாதியைச் சபையிலிருந்து உடனே, முற்றாக, திரும்ப இடமின்றி நீக்க வேண்டும். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் மேல்சாதிச் சபையார் கூட்டமாக வெளியேறினார்கள். தீர்ப்பு சரியானதுதான். ஆனால் அதைச் சொன்ன பிஷப்பின் சொந்த நாட்டு ஆலயங்களில் செல்வர்கள் வாடகை கொடுத்து முன்வரிசை இருக்கைகளைப் பிடித்துவைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தானும் ஒன்றை விட்டுக்கொடுத்துக்கொண்டு கேட்பவரின் குரலாக அது ஒலிக்கவில்லை. 1840களில் சாதி விஷயத்தில் நிதானம் காட்டிய லைப்சிக் லுத்தரன் மிஷன் வந்ததும், வெளியேறியவர்களில் பலர் அங்கே இடம் கண்டார்கள்.

டெல்டாவின் கத்தோலிக்கப் பக்கத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரையிலான வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் காவி உடுத்தி நாட்கணக்கில் நடந்து வருகிறார்கள், முடி காணிக்கை கொடுக்கிறார்கள். பக்கத்தில் நடப்பவர் இந்துவா கிறித்தவரா என்று யாரும் கேட்பதில்லை. சீர்திருத்தச் சபையார் இதை மூடநம்பிக்கை என்று முகம் சுளித்ததுண்டு. பவுல் கேட்ட உடல் காணிக்கைக்கு இந்த நடை, குறைந்தது, அந்நியமல்ல. ஆனால் விழா முடிந்து ஊர் திரும்பினால் பழைய கோடுகள் அப்படியே இருக்கின்றன. படுகையின் தலைமாட்டில், திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளின் கல்லறைகளைத் தனியே பிரித்த சுவர் நம் காலத்துச் சர்ச்சை.

ஆகவே தஞ்சைச் சபையில் ஒப்புக்கொடுத்தல் குறைவாக இருந்தது என்று சொல்வது தவறு. பணம், இளமை, குடும்ப வாழ்வு, கலை, உடல் எல்லாம் கொடுக்கப்பட்டன, மனமாரக் கொடுக்கப்பட்டன. பிறப்பால் வந்த இடம் ஒன்று மட்டும் பலிபீடத்துக்கு வரவில்லை; அதை வைத்துக்கொள்வதற்கே தூய்மை என்ற பெயர் துணை நின்றது. சுவார்ட்ஸின் நெல் கணக்கையும் சாஸ்திரியாரின் குறவஞ்சியையும் மெச்சும் வரலாற்றாசிரியர்கள் இந்த விடுபட்ட காணிக்கையையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். சாஸ்திரியாரின் நூல்களைத் தொகுத்து வெளியிட முன்வருவோர் “சாதி திருத்தலின் பயித்தியம்” நூலையும் கீர்த்தனைகளோடு சேர்த்தே, ஓர் எழுத்தும் குறைக்காமல் பதிப்பிக்க வேண்டும்.