விண்டோஸ் டிரைவும் லினக்ஸ் கம்ப்யூட்டரும் – ஒரு சிறு வரலாறு

மலர்க் குழுவினர் "ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்று கேட்டதும் ஹாஸ்டல் கதைகள்தான் முதலில் நினைவுக்கு வந்தன. அவற்றை மற்ற நண்பர்கள் எழுதிவிடுவார்கள். நான் நம் கைக்கு வந்த லேப்டாப்பிலிருந்து தொடங்குகிறேன்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் மூலம் வந்த அந்த லேப்டாப்பில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. நம் செட்டில் பலர் லினக்ஸை முதன்முதலில் பார்த்தது அதில்தான். விண்டோஸ் பக்கம் சேமித்த ஃபைலை லினக்ஸ் பக்கம் திறந்து, "அட, இதுலயும் தெரியுதே!" என்று வியந்தோம். அதன் பின்னால் இருந்த உழைப்பு அப்போது தெரியாது.

விண்டோஸ் என்.டி.யுடன் 1993-இல் வந்தது என்.டி.எஃப்.எஸ். அமைப்பு. எந்த ஃபைல் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் கணக்குப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்தக் கணக்கு எழுதும் முறையை மைக்ரோசாஃப்ட் முழுமையாக வெளியிடவில்லை. லினக்ஸ் ஆர்வலர்கள் டிஸ்க்கில் பதிவானதைப் பார்த்துப் பார்த்தே கண்டுபிடித்தார்கள். தொண்ணூறுகளின் இறுதியில் லினக்ஸில் சேர்ந்த டிரைவரை, படிப்பதற்கு மட்டுமே நம்ப முடிந்தது. 2007-இல் என்.டி.எஃப்.எஸ்-3ஜி வந்த பிறகுதான் தைரியமாக எழுத முடிந்தது. பதினாலு வருஷம்! 2021-இல் பாராகான் நிறுவனம் கொடுத்த டிரைவர் கெர்னல் 5.15-இல் இடம்பெற்றது.

படிக்கலாம், எழுதலாம்; சரி. பழுதானால்?

இதற்கு விடை எனக்கு ஒரகடத்தில் கிடைத்தது. 2010-இல் ரெனோ-நிசான் ஆலை திறந்த வட்டாரம் அது. சுற்றிலும் உதிரிபாகக் கம்பெனிகள். அவற்றில் ஒன்றில் எனக்குத் தரக்கட்டுப்பாட்டு வேலை. அளவெடுக்கும் சி.எம்.எம். மெஷின் விண்டோஸில் ஓடும். என் மேஜையில் லினக்ஸ். இரண்டுக்கும் நடுவே ஒரு வெளி ஹார்ட்டிஸ்க். 2019-இல் ஒரு நைட் ஷிஃப்ட், காலையில் வாடிக்கையாளர் ஆடிட். காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போதே அவசரத்தில் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். டிரைவ் திறக்கவில்லை. என்.டி.எஃப்.எஸ்.ஃபிக்ஸ் என்ற கட்டளையைக் கொடுத்தேன். திறந்தது, ஆனால் இரண்டு ஃபோல்டர் காலி. வயிறு கலங்கிவிட்டது.

ஷிஃப்ட் சீனியர் அண்ணன், "தம்பி, இனிமே அதுல கை வைக்காதீங்க" என்றார். முழு டிஸ்க்கையும் அப்படியே இன்னொன்றில் பிரதி எடுத்து, அந்தப் பிரதியை விண்டோஸில் மாட்டி செக்டிஸ்க் ஓட்டினோம். பெரும்பகுதி திரும்பி வந்தது. வராத அளவுகளுக்காக நாலு பேர் விடியும்வரை பாகங்களை மறுபடி அளந்தார்கள். என் அவசரத்துக்கு அவர்கள் தூக்கம் போனது.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்: என்.டி.எஃப்.எஸ்.ஃபிக்ஸ் சில சிறு கோளாறுகளை மட்டும் சரிசெய்து, அடுத்த முறை விண்டோஸே சோதிக்கட்டும் என்று குறி போட்டு வைக்கும். முழு வைத்தியம் செக்டிஸ்க்கிடம்தான். இன்னொன்று, 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் சிஸ்டம் பாதி உறக்கத்தில்தான் போகும். அந்த நிலையில் அதன் டிரைவில் லினக்ஸிலிருந்து எழுதக் கூடாது. ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தால் முழுதாக அணையும்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால், பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடும் தம்பி தங்கைகள் இப்போது அதிகம். போடுங்கள், நல்லதுதான். ஆனால் ப்ராஜெக்ட் உள்ள டிரைவுக்கு முதலில் ஒரு பிரதி எடுங்கள். அன்மவுன்ட் செய்யாமல் ஒயரைத் தொடாதீர்கள். செக்டிஸ்க் ஓட்ட ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்து வையுங்கள்.

லேப் அட்டெண்டர் அன்று "மெதுவாப்பா" என்றபோது நாம் சிரித்தோமே, நண்பர்களே, அதையேதான் இன்று நானும் சொல்கிறேன்.

வளர்க நம் கல்லூரி!