உருதுக் கஸலும் ஒரு தமிழ்க் குரலும்

பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்து வாழும் மக்களுக்கு இரண்டு கவலைகள் என்றும் உண்டு. வாழ வந்த ஊரின் மொழி நாவில் ஏறுமோ என்பது ஒன்று. ஏறிய பின் தாய்மொழி நாவை விட்டு இறங்கிவிடுமோ என்பது மற்றொன்று. பெங்களூருத் தமிழராகிய நாம் இவ்விரு கவலைகளையும் நன்கு அறிவோம். நம் குடியிருப்புகளில் வளரும் குழந்தை வீட்டில் தமிழும், தெருவில் கன்னடமும், பள்ளியில் ஆங்கிலமும் பேசுகிறது. கடைத்தெருவில் உருதுவும் அதன் காதில் விழுகிறது. இத்தனை மொழிகள் ஒரு சிறு நாவில் குடியேறினால் எது தங்கும், எது தேயும் என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பே. அவ்வச்சத்துக்கு விடையாக ஒரு குரலைச் சுட்டிக் காட்ட விரும்புகிறோம். பம்பாயில் குடியேறி வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்து, உருதுக் கஸல் பாடுவோர் வரிசையில் சிறந்த இடம் பெற்ற ஹரிஹரன் அவர்களின் குரலே அது.

திரைப்பாடல் வழியே அக்குரலை அறியாத தமிழர் அரியர். ஆனால் அக்குரல் முதலில் வேர்விட்ட நிலம் கஸல் என்பதை நம்மில் பலர் அறியோம். ஆகவே, கஸலின் வரலாற்றைச் சிறிது கூறி, பின் அக்குரலுக்கு வருவோம்.

கஸல் என்பது யாது?

கஸல் ஈரடிப் பாக்களால் ஆன கவிதை. அவ்வீரடியை ‘ஷேர்’ என்பர். ஒவ்வொரு ஷேரும் குறட்பாவைப் போலத் தனித்து நின்று பொருள் முடியும். முன்னதன் துணையைப் பின்னது வேண்டுவதில்லை. ஆயினும் ஓசை என்னும் நூல் அவற்றை ஒன்றாகக் கோக்கும். ஒவ்வொரு ஷேரின் முடிவிலும் ஒரே சொல்லோ தொடரோ திரும்பத் திரும்ப வரும். அதற்கு ‘ரதீஃப்’ என்று பெயர். அதன் முன்னே ஒத்த ஓசையுடைய சொற்கள் மாறி மாறி நிற்கும். அது ‘காஃபியா’ எனப்படும். நம் இயைபுத் தொடையை அறிந்தவர்க்கு இவ்வமைப்பு எளிதில் விளங்கும்.

கடைசி ஷேரில் புலவர் தம் புனைபெயரைப் பொதிந்து வைப்பது மரபு. பதிகத்தின் இறுதிப் பாட்டில் தம் பெயரை அமைத்துத் திருஞானசம்பந்தர் பாடிய திருக்கடைக்காப்புகளை ஓதி வந்த தமிழர்க்கு இதுவும் புதிதன்று. பொருளைப் பார்த்தாலோ, கஸலில் மிகுதியாக வருவது காதல். அதிலும் கூடலினும் பிரிவே பெரிது. காதலர் இன்னார் என்று பெயர் சுட்டப்படுவதில்லை. அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டிப் பாடலாகாது என்று தொல்காப்பியர் வகுத்த நெறி இங்கே நம் நினைவுக்கு வரும். பெயரில்லாத காரணத்தால், அந்தக் காதலி ஒரு மங்கையாகவும் இருக்கலாம், இறைவனாகவும் இருக்கலாம், பிரிந்து வந்த ஊராகவும் இருக்கலாம். ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது என்று சொல்ல நாம் முற்படவில்லை. வேறு வேறு நிலத்தில் தோன்றிய இரு மரபுகள் மனித உள்ளத்தின் ஒரே நிலையை நாடி நின்றன என்பதே நாம் கண்டு மகிழ வேண்டுவது.

தெற்கே முளைத்த பயிர்

கஸல் அரபு நாட்டில் தோன்றிப் பாரசீகத்தில் வளம் பெற்று இந்தியாவுக்கு வந்தது. உருதுக் கஸல் என்றவுடன் தில்லியும் லக்னோவுமே பலர் நினைவுக்கு வரும். வரலாறோ நம்மைத் தக்காணத்துக்கு அழைத்துச் செல்கிறது. நாம் வாழும் கருநாடகத்தின் பீஜப்பூரை ஆண்ட இரண்டாம் இப்ராஹிம் ஆதில் ஷா, ‘தக்கனி’ என்னும் தென்னாட்டு உருதுவில் ‘கிதாபே நவ்ரஸ்’ என்னும் இசைநூலை இயற்றினார். இராகங்களில் அமைந்த அந்நூலில் கலைமகளுக்கு வணக்கம் கூறப்பட்டுள்ளது. கோல்கொண்டாவை ஆண்டவரும், 1591-இல் ஐதராபாத்தை நிறுவியவருமான முகம்மது குலி குதுப் ஷா, அதே தக்கனியில் கஸல்கள் பல பாடித் தம் பாக்களின் பெருந்தொகுதியை விட்டுச் சென்றார்.

அந்நாளில் தில்லிப் புலவர்கள் பாரசீகத்தில் பாடுவதையே பெருமையாகக் கருதினர். 1700-ஆம் ஆண்டில் தக்காணத்துப் புலவர் வலி என்பார் தில்லி சென்றார். பின்னர் அவருடைய பாத்தொகுதியும் அங்கே பரவியது. மக்கள் பேசும் மொழியிலேயே இத்தனை நயமாகக் கஸல் பாட முடியுமா என்று வடநாட்டுப் புலவர்கள் வியந்தனர். அவ்வழியில் தாமும் நடந்தனர். மீர், காலிப் முதலிய பெரும்புலவர்கள் அதன் பின் வந்தவர்களே. வடக்கே மரமாகிய பயிர் தெற்கே முளைத்தது என்பது இதனால் விளங்கும்.

நம் பெங்களூருக்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு. 1638-இல் பீஜப்பூர்ப் படை இவ்வூரைக் கைக்கொண்டது. 1758-இல் ஐதர் அலிக்கு இது சாகீராகக் கிடைத்தது. 1809-இல் ஆங்கிலேயர் இங்கே பாளையம் அமைத்தனர். அப்பாளையத்தை நம்பி வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் திரளாக வந்தனர். அல்சூரிலும் சிவாஜி நகரிலும் தமிழ் பேசுவோரும் உருது பேசுவோரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்து வருகின்றனர். 1950-இல் பெங்களூருத் தமிழ்ச் சங்கம் தோன்றியது. 1959-இல் இதே நகரிலிருந்து மஹ்மூத் அயாஸ் ‘சவ்காத்’ என்னும் உருது இலக்கிய இதழைத் தொடங்கினார். ஒரே நகரில், ஏறத்தாழ ஒரே காலத்தில், இரு மொழியினரும் தத்தம் இலக்கிய விளக்கை ஏற்றினர். ஆயினும் ஒரு விளக்கின் ஒளி அடுத்த தெருவுக்கு எட்டியதா என்று கேட்டால், நம்மில் பலர் மறுமொழி கூறத் தயங்குவோம்.

கவிதை குரலானது

கஸலைப் படிப்பது ஒரு கலை. பாடுவது மற்றொரு கலை. 1902-இல் இந்திய இசை ஒலித்தட்டில் ஏறத் தொடங்கியபோது பாடியவர்களுள் முதன்மையானவர் கௌஹர் ஜான். பல மொழிகளிலும் பாடிய அம்மாதரசி, 1928-இல் மைசூர் அரண்மனைப் பாடகியாகி, 1930-இல் அவ்வூரிலேயே மறைந்தார். பின்னர் வந்த பேகம் அக்தர் (1914-1974) கஸலை இசையரங்கின் நடுமேடையில் அமர்த்தினார். பாகிஸ்தானின் மெஹ்தி ஹசன், இராகத்தின் முழு அழகையும் கஸலுக்கு அணிவித்தார். ஜக்ஜித் சிங் அதனை எளிமைப்படுத்தி இல்லந்தோறும் கொண்டு சேர்த்தார். இவர்களுக்குப் பின் ஒரு தமிழர் என்ன புதிதாகத் தர முடியும்? இவ்வினாவுக்கு ஹரிஹரனின் வாழ்க்கையே விடை.

அவர் 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் பிறந்தார், வளர்ந்தது பம்பாயில். தந்தையார் எச். ஏ. எஸ். மணியும் அன்னையார் அலமேலு மணியும் கருநாடக இசை வல்லவர்கள். இளமையிலேயே தந்தையை இழந்த மகனுக்கு அன்னையே இசையாசிரியராகவும் விளங்கினார். வீட்டில் பெற்ற அந்த அடிப்படையோடு, ராம்பூர்-சஹஸ்வான் மரபைச் சேர்ந்த உஸ்தாத் குலாம் முஸ்தபா கானிடம் இந்துஸ்தானி இசை பயின்றார். மெஹ்தி ஹசன், ஜக்ஜித் சிங் ஆகியோரின் பாட்டில் உள்ளம் பறிகொடுத்து, கஸலின் பொருட்டு உருது மொழியை முயன்று கற்றார்.

1977-இல் ‘சுர் சிங்கார்’ இசைப்போட்டியில் வென்ற அவ்விளைஞரை இசையமைப்பாளர் ஜெய்தேவ் கண்டுகொண்டார். 1978-இல் முசாபர் அலி எடுத்த ‘கமன்’ என்னும் படத்தில் பாட வைத்தார். கமனம் என்றால் செல்லுதல். உத்தரப் பிரதேசத்துச் சிற்றூரிலிருந்து பிழைப்புத் தேடிப் பம்பாய் வந்து வாடகைக் கார் ஓட்டும் ஓர் ஏழையின் கதை அது. பின்னாளில் ஞானபீடப் பரிசு பெற்ற ஷஹர்யாரின் கஸலை அதில் ஹரிஹரன் பாடினார். அதே படத்தில் ஐதராபாத்துக் கவிஞர் மக்தூமின் கஸலைப் பாடிய சாயா கங்குலி தேசிய விருது பெற்றார். ஊர் பெயர்ந்தவனின் துயரைப் பாடும் வாய்ப்பு, ஊர் பெயர்ந்த குடும்பத்தின் மகனுக்கு முதற்பாட்டாக வாய்த்தது. நம்மைப் போன்றோர் இதனை நினைத்துப் பார்த்தல் தகும்.

குரலின் இயல்பு

தமிழ் நாவுக்கு உருது எளிதன்று. நம் ‘க’ என்னும் ஓர் எழுத்து நிற்கும் இடத்தில், உருதுவில் வேறு வேறு ஒலிகள் உள்ளன. நாவின் அடியில் பிறப்பது ஒன்று. தொண்டையின் ஆழத்தில் பிறப்பது ஒன்று. உரசிக்கொண்டு வருவது ஒன்று. ‘கல்ப்’ என்னும் சொல்லை ஆழத்திலிருந்து ஒலித்தால் இதயம் என்று பொருள்; மேலோடு ஒலித்தால் நாய் என்று பொருள். காதற்பாட்டில் இப்பிழை நேர்ந்தால் அவை என்ன ஆகும்! வாழையை வாளை என்று சொல்லும் பிள்ளையை நம் தாய்மார் திருத்துவது போல, உருது அவையோரும் ஒலிப்பிழையைப் பொறுப்பதில்லை. அந்த அவையில் ஒரு தமிழர் பாடி நன்மதிப்புப் பெற்றார் என்றால், அதன் பின்னிருந்த உழைப்பு எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அவர் குரலின் தனியழகு அதன் தாழ்ந்த நிலையில் உள்ளது. உச்சத்துக்கு ஏறி வியக்க வைப்போர் பலர். கீழே இறங்கி நெஞ்சைத் தொடுவோர் சிலரே. அவர் ஓரடியைப் பாடிவிட்டு அதனையே மீண்டும் எடுக்கிறார். இம்முறை சுரம் மாறுகிறது. அழுத்தம் வேறொரு சொல்லில் விழுகிறது. முன்பு வருத்தமாகக் கேட்ட அடி இப்போது குறும்பாகவோ வேண்டுகோளாகவோ கேட்கிறது. விருத்தம் பாடும்போது நம் இசைவாணர் ஒரு சொல்லைப் பல இராகச் சாயல்களில் காட்டுவது போன்றதே இது. இரண்டாம் அடி வருமுன் அவர் தரும் சிறு இடைவெளியும் பாட்டின் பகுதியே. சொல் தெளிவும் மூச்சின் அமைதியும் சேர்ந்து, பக்கத்தில் அமர்ந்து ஒருவர் நமக்கு மட்டும் பேசுவது போன்ற நெருக்கத்தை உண்டாக்குகின்றன. சுரத்தின் மீது அவருக்குள்ள உரிமை அன்னையார் தந்த செல்வம் என்றே நாம் கருதுகிறோம்.

தம் கஸல்கள் பலவற்றுக்குத் தாமே இசையமைத்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது. 1985-இல் ஆஷா போஸ்லேயுடன் ‘ஆப்ஷாரே கஸல்’, 1992-இல் தபலா மேதை சாகிர் உசேனுடன் ‘ஹாசிர்’, பின்னர் ‘குல்ஃபாம்’, ‘காஷ்’ என அவர் தந்த இசைத்தொகுப்புகள் கஸல் அன்பர்களின் இல்லங்களில் நிலைபெற்றன. ‘ஹாசிர்’ வெளிவந்த அதே 1992-இல் ‘ரோஜா’ படத்தில் ஏ. ஆர். ரகுமான் இசையில் ‘தமிழா தமிழா’ என்னும் பாட்டைப் பாடித் தமிழகத்தின் செவிக்கும் வந்து சேர்ந்தார். உருது அவை போற்றிய மகன், தமிழனை விளித்துக்கொண்டே தாய்மொழிக்குள் நுழைந்தார்.

எஞ்சி நிற்பது

திரைப்பாட்டிலும், 1996-இல் லெஸ்லி லூயிஸுடன் தொடங்கிய ‘கலோனியல் கசின்ஸ்’ போன்ற கலப்பிசையிலும் அவர் புகுந்ததால் கஸலுக்கு வேண்டிய காலம் குறைந்தது என்று வருந்துவோர் உண்டு. அவ்வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 1995-இல் வந்த ‘பம்பாய்’ படத்தின் ‘உயிரே’ என்னும் பாட்டைக் கேட்போர், கஸலின் மூச்சு தமிழ்ச் சொல்லுக்குள் புகுந்திருப்பதை உணர்வர். உருது அறியாத தமிழரும் அவர் வழியே கஸலின் அடக்கத்தையும் ஏக்கத்தையும் அறியாமலே சுவைத்தனர். எழுத்தில் கவிக்கோ அப்துல் ரகுமான் கஸலைத் தமிழுக்குக் கொண்டுவந்தார் என்றால், குரலில் அதன் மணத்தைக் கொண்டுவந்தவர் ஹரிஹரன் எனலாம்.

2004-இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. பின்னணிப் பாடகருக்கான தேசிய விருது இரு முறை அவரை அடைந்தது. ஒன்று, பகைவனையும் உடன்பிறந்தான் என விளிக்கும் ‘பார்டர்’ படத்தின் இந்திப் பாட்டுக்கு; மற்றொன்று ‘ஜோக்வா’ என்னும் மராத்திப் படத்தின் பாட்டுக்கு. வளர்த்த மண்ணின் மொழியிலும் அவர் பாடி விருது பெற்றார் என்பது, வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இனிய செய்தி.

தாய்மொழியும் தாய்வீட்டு இசையும் உறுதியாக அமைந்த பிள்ளைக்கு வேற்று மொழி பகையாவதில்லை. வேரில்லாத செடியையே காற்று சாய்க்கும். அலமேலு மணி அம்மையார் மகனுக்குத் தம் இசையைத் தந்தார். இந்துஸ்தானி இசைக்கு உஸ்தாத் ஒருவர் ஆசிரியராக அமைந்தார். இரண்டும் சேர்ந்தே அக்குரல் உருவாயிற்று. நம் வீடுகளிலும் இது கூடும். தமிழைத் தவறாது பயிற்றுவோம். கன்னடத்தை அன்போடு கற்போம். அடுத்த தெருவில் வாழும் உருது அறிந்த பெரியவரை அழைத்து ஒரு கஸலுக்குப் பொருள் கேட்போம். நம் குறள் ஒன்றின் பொருளை அவருக்குச் சொல்வோம். 2009-இல் அல்சூர் ஏரியருகே திருவள்ளுவர் சிலையும், சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பெற்றன. சிலைகள் காட்டிய நட்பைச் செவிகளும் காட்டுதல் வேண்டும். பிறர் மொழியின் இன்பத்தை அறிந்த செவி தன் மொழியின் இன்பத்தை இன்னும் கூர்மையாக அறியும். அத்தகைய செவிகள் நம் குடியிருப்புகள்தோறும் பெருகுக!